பனி வரும், பேடிக்க வேண்டாம்

தனக்குச் சுத்தமாகத் தெரியாத விஷயத்தில் மனிதன் ஜாக்கிரதையாக இருக்கிறான். பாதி தெரிந்த விஷயத்தில்தான் மைக் பிடிக்கிறான். நான் பிடித்தேன். அதுவும் ஆட்டோவின் தலையில் கட்டிய மைக்.

என் பெயர் கோமதி. மட்டாஞ்சேரியில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். என் தாத்தாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் ஊர் திரும்பவில்லை. தமிழ் மட்டும் எங்களுடனேயே தங்கிவிட்டது. தங்கியது என்றால், உப்புக்காற்றில் நிறுத்திய சைக்கிள் மாதிரி. ஓடும், ஆனால் எந்தப் பாகம் ஒரிஜினல் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் காய்ச்சலுக்குப் பெயர் பனி. தண்ணீருக்குப் பெயர் வெள்ளம். சாப்பிட்டாயா என்று கேட்க "கழிச்சாச்சா" என்போம், பயப்படாதே என்பதற்கு "பேடிக்காதே" என்போம். இதெல்லாம் மலையாளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. (சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். தமிழச்சியிடமே தமிழைப் பற்றிப் பேசுகிறாயா என்றிருப்பேன்.)

பள்ளிக்கூடம் மலையாளம், நர்சிங் படிப்பு ஆங்கிலம். தமிழில் என் பெயரை எழுதச் சொன்னால் 'தி'யில் கொஞ்சம் தடுமாறுவேன். இந்த லட்சணத்தில், வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகாத ஒரு திங்கட்கிழமை, எங்கள் ஜெஸ்ஸி டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கையில் நான்கு பக்கத் தாள். குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணை திருத்தப்பட்டிருக்கிறது. சுகாதாரப் பணியாளர்கள் இனி என்னென்ன கடைப்பிடிக்க வேண்டும் என்று மேலே இருந்து வந்த புதிய பரிந்துரைகள்.

பெரிய மாற்றம் ஒன்றுதான். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைக்குப் போடும் ஊசியோடு, போலியோவுக்கும் இனி ஓர் ஊசி. அது வலது கை, இது இடது கை. மற்றதெல்லாம் எங்களுக்கான நினைவூட்டல்கள். பாக்கியிருக்கும் ஊசிகளை ஒரே நாளில் போடத் தயங்காதீர்கள். இடையில் ஒரு தவணை தவறிய குழந்தைக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். லேசான காய்ச்சல் இருக்கிறது என்பதற்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். இப்படி.

படித்து முடித்த டாக்டரின் முகத்தில் ஒரு கவலை இருந்தது. கருவேலிப்படியில் ஒரு பெரிய கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள் அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தன. மூன்று புதன்கிழமை முகாம் நடத்தியும் அங்கிருந்து ஒரு குழந்தை வரவில்லை. அந்த வாரம் அடுத்த தெருவில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை கண்டிருந்தது. எங்கள் ஆட்கள் போய் மலையாளத்தில் பேசினால் அந்தப் பெண்கள் சிரித்துத் தலையாட்டுவார்கள். ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

"இவிடெ ஆர்க்கெங்கிலும் தமிழ் அறியுமோ?" என்று கேட்டார் டாக்டர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். கேள்விக்கு உட்கார்ந்தே பதில் சொல்லியிருக்கலாம்.

"என்டெ மாத்ருபாஷ தமிழாணு மேடம்," என்றேன். தமிழ் என் தாய்மொழி என்பதை அன்று நான் அறிவித்தது மலையாளத்தில்.

தேதி, நேரம், இடம், புதிதாக ஓர் ஊசி. இவ்வளவு சொன்னால் போதும் என்றார் டாக்டர். ஆனால் ஏழு மாதமாக ஓரத்தில் நின்று பஞ்சு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு மைக் கிடைத்தால் நான்கு வரியோடு நிற்குமா? நான்கு பக்கத்தையும் தமிழாக்கினேன். மலையாள எழுத்தில்தான் எழுதினேன், அது வேறு விஷயம். எங்களுக்கு வந்த உத்தரவை அப்படியே தாய்மார்களுக்கு வாசிக்கக் கூடாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரின் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு என் போனில் பதிவு செய்தோம். நான் பேசியது இதுதான். இன்றும் ஓர் எழுத்துகூட மறக்கவில்லை.

"அன்பான தாய்மாரே. நாளைக் காலை ஒன்பது மணிக்கு சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குக் குத்து நடக்கும். இனி ஒன்பதாம் மாசத்தில் குத்து ஒண்ணு கூடுதல். பாக்கி குத்து எல்லாம் ஒரே நாளில் குத்தலாம், தடையில்லை. முன்னே தப்பிய குழந்தைகளையும் விட மாட்டோம். அவர்களை முதலிலிருந்து குத்த வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து குத்தினால் போதும். சிறிய பனி இருந்தாலும் கொண்டு வரணும். குழந்தைகள் வீட்டிலேயே நல்லா கழிச்சிட்டு வரணும். குத்தினதுக்குப் பின்னே பனி வரும். பேடிக்க வேண்டாம். நிறைய வெள்ளம் கொடுத்தால் போதும்."

கேட்டு முடித்த டாக்டர் மேஜையைத் தட்டினார். "முழுவனும் மனசிலாயி கோமதீ. நல்ல தமிழ்."

ஒரு மலையாளிக்கு ஒரு சொல் விடாமல் புரிகிற தமிழ் என்றால் நான் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உச்சி குளிர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஷிஹாபிக்கா வந்தார். எங்கள் நிலையத்தின் அறிவிப்பு எல்லாம் அவருடைய ஆட்டோவில்தான் போகும். என் குரலைத் தன் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, கருவேலிப்படியில் ஆரம்பித்து தோப்பும்படி ஹார்பர் வரை போய்த் திரும்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆட்டோ மூலை திரும்பும் வரை நான் வாசலில் நின்று என் குரலைக் கேட்டேன். வெட்கமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

பதினொரு மணிக்கு அப்பா போன் செய்தார். அப்பா தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் ரிப்பேர் பட்டறையில் வேலை பார்ப்பவர். படகுகளில் வேலை செய்யும் ராமநாதபுரம், கன்னியாகுமரிக்காரர்களோடு பழகிப் பழகி அவருக்கு இரண்டு தமிழ் தெரியும். வீட்டில் எங்கள் தமிழ். ஹார்பரில் தமிழ்நாட்டுத் தமிழ். இந்த இரண்டாவதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை, கிரீஸ் ஒட்டிய செருப்பு மாதிரி வாசலிலேயே விட்டுவிடுவார்.

"கோமு, எங்க இருக்கே?"

"ஆபீஸ்லதான் அப்பா."

"அங்கயே இரு. வெளிய வராதே."

"என்னாச்சு?"

"இங்க ஒரு வண்டி வந்து நின்னு உன் ஒச்சையில என்னமோ பறயுது. படகுக்காரன் ஒருத்தன் சிரிச்சுச் சிரிச்சு ஐஸ் பெட்டிக்குள்ள விழுந்துட்டான். ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கறாங்க."

"எதுக்குச் சிரிக்கறாங்க?"

அப்பா சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். பின்னால் என் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"குழந்தைங்க கழிச்சிட்டு வரணும்னு சொல்லியிருக்கியே. அதுக்குத் தமிழ்ல என்ன அர்த்தம்னு அறியுமா?"

"சாப்பிட்டுட்டு வரணும்."

"அது நம்ம வீட்ல. வாசல் தாண்டினா..." அப்பா தொண்டையைச் செருமினார். வயசுக்கு வந்த மகளிடம் ஒரு தகப்பன் சொல்லக்கூடிய விதத்தில் சொல்ல முயன்றார். "சாப்பாடு உள்ள போற காரியம் இல்ல கோமு. மத்த காரியம்."

அடுத்து பனி. அடுத்து வெள்ளம். ஒவ்வொன்றாக அப்பா விளக்க விளக்க எனக்குக் காது மடல் சுட்டது. கடைசியில், "அப்புறம் இந்தக் குத்து," என்றார். "ஊசின்னு ஒரு வார்த்தை இருக்கு கோமு. நீ ஆளை விட்டுக் கத்தியால குத்தப்போற மாதிரி இருக்கு. விட்ட இடத்திலேர்ந்து குத்துவோம்னு சொல்றப்போ எனக்கே பட்டறைக்குள்ள போயிடலாம்னு தோணுச்சு."

ஷிஹாபிக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. எப்படி எடுப்பார்? தலைக்கு மேலே நான் கத்திக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் நான் அடிப்பது அவருக்கு எப்படிக் கேட்கும்?

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு துரத்தினேன். நான் தோப்பும்படி போய்ச் சேர்ந்தபோது ஆட்டோ போய்விட்டிருந்தது. சுள்ளிக்கல் பக்கம் திரும்பினால் ஒரு தெரு தள்ளி என் குரல். அந்தத் தெருவுக்குப் போனால் அதற்கடுத்த தெருவில். வாழ்க்கையில் என்னையே நான் துரத்தியது அன்று ஒருநாள்தான், பிடிக்கவும் முடியவில்லை. வழியில் ஒரு தமிழ்ப் பாத்திரக்காரர் தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். (பனியும் வெள்ளமும் வரும் என்று அறிவித்தால் மனுஷன் வேறு எங்கே பார்ப்பார்.)

கடைசியில் கருவேலிப்படியில், அந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு நேர் எதிரே பிடித்தேன். ஷிஹாபிக்கா பெட்டிக்கடையில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஆட்டோ காலியாக நின்று "பேடிக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கோ இக்கா. வேகம்."

"எந்தா சிஸ்டரே, சூப்பராயிட்டுண்டு," என்றார் அவர். "ஆள்க்காரொக்கே புறத்து வந்நு நின்னு கேட்டு. ஞான் மூணு வட்டம் ஓடிச்சு."

எல்லோரும் வெளியே வந்து நின்று கேட்டார்களாம். அந்த உற்சாகத்தில் மூன்று சுற்று அடித்தாராம்.

அன்று மதியம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் என்ன அர்த்தம் என்று அவர் நிதானமாகக் கேட்டார். 'கழிச்சிட்டு' வந்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். கண்டிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இனி அவர் வருமோ கோமதீ?"

இனி அந்தத் தாய்மார்கள் வருவார்களா என்று கேட்டார். பயந்துபோயிருக்கும் ஒரு கூட்டத்திடம் போய், உங்கள் குழந்தைகளைக் குத்தாமல் விடமாட்டோம் என்று மூன்று சுற்று மிரட்டியிருக்கிறேன். தட்டம்மை ஒரு தெரு தள்ளி நிற்கிறது. அன்று சாயங்காலம் நானே கொட்டகைகளுக்குப் போய்ப் பேசலாம் என்று கிளம்பினேன். வேலைத்தளத்தின் வாசலில் நான்கு பெண்கள் என்னைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் அம்மாவிடம், உடம்பு சரியில்லை, இன்று லீவு போடட்டுமா என்று கேட்டேன். "பனியா?" என்றாள் அம்மா. அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து குளித்துக் கிளம்பிவிட்டேன்.

நிலையத்தின் முனை திரும்பியதும் ஸ்கூட்டியை நிறுத்தினேன். வாசலிலிருந்து சாலை வரை வரிசை. எல்லாம் அந்தக் கொட்டகைக் குடும்பங்கள். கொச்சியின் காலை வெயிலில், நின்றாலே வேர்க்கிற புழுக்கத்தில், கைக்குழந்தைகள் எல்லாம் குரங்குக் குல்லாய் போட்டிருந்தன. ஒன்றுக்கு ஸ்வெட்டர். ஒன்றைப் போர்வையில் சுருட்டி மூக்கு மட்டும் தெரிய வைத்திருந்தார்கள். பனி வரும் என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே.

வழக்கமாக முகாமுக்குத் தாய்மார்கள்தான் வருவார்கள். அன்று அப்பாக்களும் வந்திருந்தார்கள். ஒருவர் கொத்தனார், மார்பின் மேல் கைகட்டி, மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு நின்றார். குத்துவேன் என்று சொன்ன ஆள் யார் என்று பார்க்க வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

வரிசையின் முதலில் நின்றவள் செல்வி. அப்போது எனக்குப் பெயர் தெரியாது. தேனிப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும், இடுப்பில் ஒரு கொழுகொழு பையன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மைக்குல பேசுன புள்ள நீதானா?"

"ஆமாக்கா," என்றேன்.

"பனி எப்ப வரும்? ஊசி போட்ட ஒடனேயா, ராத்திரிக்கா?"

"பனி இல்லக்கா. அது... உடம்பு சூடாகும்ல."

"காய்ச்சலா?"

"காய்ச்சல்."

அவள் திரும்பி வரிசையைப் பார்த்தாள். "ஏய், குல்லாயக் கழட்டுங்கடி. காய்ச்சலாம்." மறுபடி என்னைப் பார்த்து, "பாதியாவது புரியுதேன்னுதான் வந்தோம். அதக் காய்ச்சல்னு சொல்ல என்ன கேடு? முந்தாநாளு ஊருலருந்து வந்த பொண்ணு, பெட்டியக் கட்டிட்டு உக்காந்திருக்கு, வெள்ளம் வருதுன்னு," என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அதில் கேலி இருந்தது. ஆனால் எங்கள் ஆட்களிடம் காட்டிய அந்தப் பயந்த தலையாட்டல் இல்லை. பின்னாலிருந்து ஒரு பெண் ஐந்து வயதுப் பையனை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம்.

"சிஸ்டர், இவன ஆறு மணிலருந்து உக்கார வச்சிருக்கேன். இன்னும் வரல. இவனுக்கு மட்டும் மத்தியானமாப் போடுவீங்களா?"

செல்விதான் முதலில் புரிந்துகொண்டாள். "சாப்பிட்டுட்டு வரச் சொல்லியிருக்கா இந்தப் புள்ள," என்று ஆரம்பித்தவள் மேலே பேச முடியாமல் தன் பையனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஐந்து வயதுக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை.

முதல் ஊசி செல்வியின் பையனுக்கு. ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அட்டையைப் பார்த்து வலது கையில் ஒன்று போட்டேன். அவன் அழத் தொடங்குவதற்குள் இடது கையைத் துடைத்தேன். செல்வி என் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு கையிலயுமா? எம் மூத்தவளுக்கு ஒண்ணுதான போட்டாங்க."

"இப்பதான்க்கா மாத்தியிருக்காங்க. போலியோவுக்கு இன்னொண்ணு."

"அப்ப எம் மூத்தவளுக்குப் போட்டது தப்பா?"

சுற்றியிருந்தவர்கள் கிட்டே வந்து நின்றார்கள். அந்த நான்கு பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த தமிழில் தேடினேன்.

"தப்பில்லக்கா. அன்னைக்குத் தெரிஞ்சது அவ்வளவு, அத வச்சு நல்லபடியாப் போட்டாங்க. அவளுக்கும் காவல் இருக்கு. இப்ப இன்னும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கு. அதனால இவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக் காவல். எனக்கு ஒரு பிள்ள இருந்தா நான் ரெண்டு கையிலயும் போடுவேன்."

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டாள். பையனின் இடது கையைத் தானே பிடித்துக் காட்டினாள். "போடு," என்றாள்.

அதன்பிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் சொல்வதை எல்லாம் திருப்பிச் சொன்னாள். "அரை மணி நேரம் இங்கயே ஒக்காருங்க." "ஊசி போட்ட எடத்துல எதையும் தடவாதீங்க." "காய்ச்சல் அடிச்சா சிஸ்டர் குடுக்குற மருந்தக் குடுங்க." அந்தக் கொத்தனார் முறை வந்தது. மடியில் மகளை வைத்துக்கொண்டு என்னை முறைத்தவர், ஊசியைக் கையில் எடுத்ததும் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். மகள் கொஞ்சம் அழுதாள். அவர் அவளைவிடக் கூடுதல் நேரம் அழுதார்.

பதினொரு மணிக்குள் கொண்டுவந்த மருந்து தீரும் நிலைக்கு வந்துவிட்டது. இன்னொரு பெட்டி எடுத்துவர ஷிஹாபிக்காவை அனுப்பினோம். ஐஸ் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் வரிசையைப் பார்த்துவிட்டு, "ஞான் பறஞ்ஞில்லே சிஸ்டரே," என்றார், அப்போதே சொன்னேனே என்கிற பெருமையில். கடைசிக் குழந்தை வரை போட்டு முடிக்க இரண்டரை மணி ஆயிற்று. ஜெஸ்ஸி டாக்டர் பதிவேட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். கொட்டகைகளில் ஒரு குழந்தைகூடப் பாக்கியில்லை. என் தோளைத் தட்டி, "அடுத்த பிராவசியம் நீ பறயண்டா," என்றார். அடுத்த தடவை நீ பேச வேண்டாம்.

நான் பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தின் எல்லாத் தமிழ் அறிவிப்புகளும் செல்வியின் குரலில்தான் போகின்றன. கட்டட வேலை முடிந்த பிறகும் அவள் குடும்பம் ஊர் திரும்பவில்லை. சுள்ளிக்கல்லில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். மாவு வாங்கப் போய்ப் போய் அவளிடமே எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தேன். இதை இப்போது தமிழில் எழுதிக்கொண்டிருப்பது அந்த இட்லி மாவின் புண்ணியத்தில்.

ஆனால் ஷிஹாபிக்கா அந்தப் பழைய பதிவை அழிக்கவில்லை. அப்பாவுக்கு அனுப்பிவைத்தார். அப்பாவும் அழிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தென்காசியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் நன்றாகத் தமிழ் பேசுமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். நல்ல தகப்பன் ஒருவன் இந்த இடத்தில் "ஓ, நல்லாப் பேசுவாளே" என்று சொல்லியிருப்பான். என் அப்பா போனை எடுத்து மேஜை நடுவில் வைத்து, "நீங்களே கேளுங்க," என்றார்.

மாப்பிள்ளை மூக்கு வழியாகக் காபி வரச் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவ போடுங்க," என்றார். இரண்டாவது தடவைதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அன்றே தட்டு மாற்றிக்கொண்டோம்.

இப்போது விசேஷம் என்று தென்காசிக்கு, என் புகுந்த வீட்டுக்கு, எப்போது போனாலும், இலை போட்டு முடித்ததும் என் மாமியார் யாரையும் கூப்பிட மாட்டார். வாசலில் பேசிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்களைக் காட்டி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் என்னிடம், "நீ போய்ச் சொல்லும்மா, உங்க ஊருத் தமிழ்ல," என்பார். நான் போய், "எல்லாரும் கழிக்க வாங்க," என்பேன். அவர்கள் சிரித்து முடித்துப் பந்திக்கு வந்து உட்காருவதற்குள் சாம்பார் ஆறிவிடும்.